ஆல்ட் எண்களை மனப்பாடம் செய்யாமல் °, ½, ₹ அடிப்பது எப்படி?

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாளை நீங்களே வேர்டில் அடிக்கிறீர்கள். டிகிரி குறி, ½, ∠, ₹, நீளக் கோடு எதுவும் கீபோர்டில் இல்லை. பள்ளிக் கணினியில் ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு 248 அடித்தால் ° வருகிறது. யாரோ சொன்னார்கள் என்று 0248 அடித்தால் ø வருகிறது. வீட்டு லேப்டாப்பில் எந்த எண்ணை அடித்தாலும் ஒன்றும் வருவதில்லை. போதாக்குறைக்கு, நீங்கள் அனுப்பிய தாளிலிருந்து ஒரு கேள்வியை எடுத்து சக ஆசிரியர் வாட்ஸப்பில் ஒட்டியபோது 30 டிகிரி 300 ஆகிவிட்டது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வேலை செய்யும் வழி உண்டா என்று கேட்கிறீர்கள்.

கடைசியில் போகிறபோக்கில் சொன்ன அந்த 300தான் இதில் பெரிய விஷயம், அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன். பள்ளி வழிகாட்டி நூல்களுக்குப் பக்கம் கட்டும் வேலையில் பல வருடங்கள் இருந்தவன் நான். ஆசிரியர்கள் அனுப்பும் கோப்புகளில் டிகிரி என்ற பெயரில் என்னென்ன வரும் என்று ஓரளவு தெரியும். உங்கள் தாளில் சில இடங்களில் ° கிடைக்காமல், பூஜ்ஜியத்தையோ ஆங்கில ‘ஓ’ எழுத்தையோ அடித்து, அதை மேலே தூக்கிச் சின்னதாக்கியிருப்பீர்கள். கண்ணுக்கு அது டிகிரிதான். ஆனால் கோப்பில் இருப்பது வெறும் பூஜ்ஜியமும், ‘இதை மேலே தூக்கிக் காட்டு’ என்ற அலங்காரக் குறிப்பும். வாட்ஸப்பில் ஒட்டும்போது அலங்காரம் உதிர்ந்துவிடும், பூஜ்ஜியம் மட்டும் மிஞ்சும். 30க்குப் பக்கத்தில் ஒரு பூஜ்ஜியம், அதாவது 300. இதே காரணத்தால் 5² என்பது 52 ஆகும்.

இந்த வேஷம் போடும் பழக்கம் நம்மிடம் ரொம்பப் பழையது. பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்தவர்களுக்கு நினைவிருக்கும். அங்கே ‘அம்மா’ என்று திரையில் தெரிவதற்கு அடியில் இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்துகளும் ஒரு அரைப்புள்ளியும்தான். அந்த அரைப்புள்ளியே மெய்யெழுத்தின் தலைப்புள்ளியாக வேஷம் போட்டது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் மொத்தமும் குப்பையாகத் தெரியும். ₹ வந்தபோதும் இதே கதை. உதயகுமார் வடிவமைத்த அந்தச் சின்னத்தை மத்திய அமைச்சரவை 2010 ஜூலை 15 அன்று ஏற்றுக்கொண்டது. அடுத்த சில நாட்களிலேயே ஒரு இலவச எழுத்துரு இணையத்தில் பரவியது. கீபோர்டில் 1க்கு இடப்பக்கம் இருக்கும் சாய்ந்த சின்னக் குறியை அடித்தால் அதில் ₹ தெரியும். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் 500 ரூபாய் ‘`500’ என்று ஆகிவிடும். இன்றைக்கும் சில ரசீதுகளில் எண்ணுக்கு முன்னால் அந்தச் சின்னக் கீறல் நிற்பதைப் பார்க்கலாம். அது இந்த வேஷத்தின் மிச்சம். விங்டிங்ஸ் எழுத்துருவில் போடும் டிக் குறியும் அப்படியே, எழுத்துரு போனால் ü ஆகிவிடும். ஆகவே எந்த வழியில் அடித்தாலும் சரி, கோப்புக்குள் போவது அந்தக் குறியேதானா, வேறொன்று அதன் வேஷத்தில் போகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உண்மையான ° ஒன்றைக் கோப்பில் போட்டுவிட்டால் அது வாட்ஸப், மின்னஞ்சல், அச்சகம் எங்கே போனாலும் °தான்.

உண்மையான குறி என்று எதை வைத்துச் சொல்வது? யூனிகோடில் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் நிரந்தரமான ஒரு எண் உண்டு. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள் அதில் இருக்கின்றன. கீபோர்டோ பழைய ஆங்கிலத் தட்டச்சுப் பொறியின் வாரிசு. தட்டச்சுப் பொறியில் விசைக்கும் அதன் கம்பிக்கும் இடம் பிடிப்பதே பெரும்பாடு என்பதால், திறக்கும் மேற்கோளையும் மூடும் மேற்கோளையும் ஒரே நேர்க்குறியாக்கினார்கள். ஹைபன், கழித்தல், கோடு எல்லாவற்றுக்கும் ஒரே விசையை வைத்தார்கள். சில பொறிகளில் 1 என்ற எண்ணுக்கே விசை கிடையாது, ஆங்கிலச் சிறிய ‘எல்’லை அடித்து ஒப்பேற்றுவார்கள். 1963இல் வந்த ஆஸ்கி என்ற கணினி எழுத்துத் தரமும் கிட்டத்தட்ட அந்த விசைகளையே எண்ணாக மாற்றியது. பிற்பாடு நிலைபெற்ற வடிவத்தில் அச்சாகும் எழுத்துகள் இடைவெளியையும் சேர்த்து 95. அதனால்தான் °, ×, — எதுவும் உங்கள் கீபோர்டில் இல்லை.

இப்போது 248, 0248 குழப்பம். இது உறுதியாகச் சொல்லக்கூடிய விஷயம். 1981இல் ஐபிஎம் பிசி வந்தபோது, ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு எண்பலகையில் எண் அடித்தால் அந்த எண்ணுக்குரிய குறி வரும் என்று வைத்தார்கள். அது 256 இடங்கள் கொண்ட ஒரு பட்டியல். அதில் 248ஆவது இடத்தில் ° இருந்தது. பிறகு விண்டோஸ் வேறொரு 256 இடப் பட்டியலோடு வந்தது. அதில் ° இருப்பது 176இல், 248இல் இருப்பது ø. பழைய பழக்கத்தையும் கெடுக்காமல் புதியதையும் கொடுக்க ஒரு தந்திரம் செய்தார்கள்: முன்னால் பூஜ்ஜியம் போட்டால் விண்டோஸ் பட்டியல், போடாவிட்டால் பழைய ஐபிஎம் பட்டியல். எனவே 248ம் 0176ம் ஒரே ° தரும். 0248 அடித்தால் ø வருவது சரியான நடத்தையே. தலைகீழாக, பூஜ்ஜியம் போடாமல் 176 அடித்தால் ░ என்று புள்ளி போட்ட கட்டம் வரும். இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களில் பாதி ஒரு வகை, பாதி இன்னொரு வகை. எந்த வகை என்று யாரும் எழுதி வைப்பதில்லை. குழப்பத்துக்குக் காரணம் அவ்வளவுதான்.

வீட்டு லேப்டாப்பில் வராததற்குக் காரணமும் இதே காலத்துச் சரக்கு. ஆல்ட் எண்ணை வலப்பக்கத் தனி எண்பலகையில்தான் அடிக்க வேண்டும், அதுவும் அந்த எண்பலகையை இயக்கும் ‘நம் லாக்’ (Num Lock) விசை போட்ட நிலையில். மேல்வரிசை எண்கள் இதற்கு உதவாது. தனி எண்பலகை இல்லாத லேப்டாப்பில் ஆல்ட் எண் என்ற கதையே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். சில மாடல்களில் எஃப்என் விசையோடு சேர்த்து ஒளிந்திருக்கும் எண்பலகை உண்டு. ஆனால் அது மாடலுக்கு மாடல் மாறும், அதை நம்பிப் பழகச் சொல்ல மாட்டேன். தமிழ்க் கீபோர்டு செயலில் இருக்கும்போது ஆல்ட் எண் ஒழுங்காகக் கேட்கும் என்றும் உறுதி கொடுக்க மாட்டேன், ஆங்கிலத்துக்கு மாறிவிட்டு அடிப்பது நல்லது. இன்னொரு எல்லையும் இருக்கிறது. ₹இன் யூனிகோட் எண்ணைப் பத்தடிமானத்தில் எழுதினால் 8377. வேர்டில் ஆல்ட்டோடு 8377 அடித்தால் ₹ வந்துவிடும். ஆனால் பழைய நோட்பேட் போன்றவை 256ஐத் தாண்டி எண்ணத் தெரியாதவை. 8377ஐ 256ஆல் வகுத்து மீதி 185ஐ எடுத்துக்கொண்டு, பழைய பட்டியலின் 185ஆவது இடத்தில் இருக்கும் ╣ஐக் கொடுக்கும். கணக்கு ஆசிரியருக்கு இந்த மீதிக் கணக்கு பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

இவ்வளவையும் சொன்னதற்குக் காரணம், ஆல்ட் எண்களை மனப்பாடம் செய்வது உங்கள் வேலைக்கு ஒத்துவராது என்று காட்டத்தான். வேர்டில் அடிப்பவருக்கு அதைவிட நல்ல வழி ஆல்ட்டும் எக்ஸும். யூனிகோட் எண்ணைப் பதினாறடிமானத்தில் (0 முதல் 9 வரையோடு ஏ முதல் எஃப் வரை ஆங்கில எழுத்துகளும் இலக்கமாக வரும் முறை) அப்படியே அடியுங்கள், உடனே ஆல்ட்டைப் பிடித்து எக்ஸ் விசையைத் தட்டுங்கள், எண் மறைந்து குறி நிற்கும். 2220 அடித்துத் தட்டினால் ∠, 2234 என்றால் ∴, 2260 என்றால் ≠, 2264 ≤, 2265 ≥, 2225 ∥. ₹க்கு 20பி9, டிகிரிக்கு 00பி0, அரைக்கு 00பிடி. இவற்றில் பி, டி என்பவை ஆங்கில எழுத்துகள், சின்னதாக அடித்தாலும் சரி, பெரியதாக அடித்தாலும் சரி. இதற்கு எண்பலகை தேவையில்லை, மேல்வரிசை எண்களே போதும். லிப்ரே ஆபிஸிலும் இது வேலை செய்யும். எக்செலில் செய்யாது.

இதில் ஒரு பொறி இருக்கிறது, அதுவும் உங்கள் வேலையிலேயே மாட்டும். 30° அடிக்க வேண்டும், 00பி0 என்பதில் முன்னிருக்கும் பூஜ்ஜியங்கள் எதற்கு என்று 30ஐ ஒட்டி பி0 மட்டும் அடித்து ஆல்ட் எக்ஸ் தட்டுகிறீர்கள். வேர்டு 30பி0 என்பதை ஒரே எண்ணாகப் படித்து グ என்ற ஜப்பானிய எழுத்தைக் கொண்டுவந்து வைக்கும். யூனிகோடில் 30பி0 என்ற இடத்தில் உண்மையாகவே அந்த எழுத்துதான் இருக்கிறது. எண்ணை ஒட்டிக் குறி வரும் இடங்களில் குறியின் எண்ணை மட்டும் தேர்வு செய்துகொண்டு, அதற்குப் பிறகு ஆல்ட் எக்ஸ் தட்டுங்கள், தொந்தரவு இருக்காது.

ஆல்ட் எக்ஸ் எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அடிப்பது மட்டும் இல்லை. அது திருப்பியும் வேலை செய்யும். சந்தேகமான குறிக்குப் பின்னால் கர்சரை வைத்து ஆல்ட் எக்ஸ் தட்டினால் குறி மறைந்து அதன் எண் தெரியும். மறுபடி தட்டினால் பழையபடி ஆகிவிடும். டிகிரி மாதிரியே தோற்றமளிக்கும் மூன்று குறிகள் இருக்கின்றன. ° என்பது 00பி0, உண்மையான டிகிரி. º என்பது 00பிஏ, ஸ்பானிஷ், போர்ச்சுகீசிய மொழிகளில் ‘முதலாவது’, ‘இரண்டாவது’ என்று எழுத எண்ணுக்குப் பக்கத்தில் போடும் சின்ன ஓ. ˚ என்பது 02டிஏ, எழுத்தின் தலையில் வைக்கும் வளையம். சில எழுத்துருக்களில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. எழுத்துரு மாறினால்தான் குட்டு வெளிப்படும்: இரண்டாவதற்குச் சில எழுத்துருக்களில் அடியில் ஒரு கோடு இருக்கும். மேக் பயனர்கள் இதில் அதிகம் மாட்டுகிறார்கள், ஏனென்றால் ஆப்ஷனோடு பூஜ்ஜியம் அடித்தால் வருவது º, ஆப்ஷனோடு கே அடித்தால் வருவது ˚. சரியான டிகிரிக்கு ஆப்ஷன், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு 8 அடிக்க வேண்டும்.

ஆனால் கணக்குத் தாளுக்கு என் முதல் சிபாரிசு ஆல்ட் எக்ஸும் இல்லை. வேர்டில் ஆல்ட்டைப் பிடித்துச் சமக்குறி விசையைத் தட்டினால் சமன்பாட்டுப் பெட்டி திறக்கும். அதற்குள் பின்சாய்கோடு போட்டு, அதையொட்டி ‘ஆங்கிள்’ என்று ஆங்கிலத்தில் எழுதி இடைவெளி விட்டால் ∠ வரும். ‘தேர்ஃபோர்’ என்றால் ∴, ‘டிகிரி’ என்றால் °, ‘பை’ என்றால் π. எண் எதையும் நினைவில் வைக்க வேண்டாம், ஆங்கிலப் பெயர் தெரிந்தால் போதும். இன்னும் நல்ல செய்தி, இந்தப் பெயர்களைச் சமன்பாட்டுப் பெட்டிக்கு வெளியிலும் பயன்படுத்தலாம். ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் என்று உள்ளே போனால், மேத் ஆட்டோகரெக்ட் என்ற தாவலில், கணிதப் பகுதிக்கு வெளியிலும் இந்த விதிகளைப் பயன்படுத்து என்ற பெட்டி ஒன்று இருக்கும். அதில் டிக் போட்டுவிடுங்கள். அடுக்கு, பின்னம், வர்க்கமூலம் இவற்றையெல்லாம் பெட்டிக்குள்ளேயே அடியுங்கள். ½, ¼, ¾ மூன்றுக்கும் தனி எழுத்து உண்டு, 1/2 என்று அடித்து இடைவெளி விட்டாலே வேர்டு மாற்றிக்கொடுக்கும். 7/12 போன்றவற்றுக்குத் தனி எழுத்து இல்லை. பின்னம் என்றால் பெட்டிதான் என்று பழகிக்கொண்டால் தாள் முழுக்க ஒரே தோற்றம் இருக்கும். ஒரு வரியில் ½ சின்னதாகவும் அடுத்த வரியில் 7/12 சாய்கோட்டோடும் நிற்பதைப் பார்த்தால் எனக்குக் கண் உறுத்தும்.

கணிதத்தோடு சேராத குறிகளுக்கு, ₹, —, © போன்றவற்றுக்கு, அடித்ததை வேர்டு தானாக மாற்றித் தரும் சாதாரண ஆட்டோகரெக்டில் நீங்களே சுருக்கெழுத்து வைத்துக்கொள்ளலாம். எந்தச் சொல்லிலும் இயல்பாக வராத ஒரு சேர்க்கையைத் தேர்ந்தெடுங்கள், உதாரணமாக அரைப்புள்ளி போட்டு இரண்டு எழுத்து. இங்கேதான் நிறையப் பேர், ‘சேர்த்தேன், ஆனால் வேலை செய்யவில்லை’ என்கிறார்கள். வேர்டு ஆட்டோகரெக்ட் பட்டியலை மொழிவாரியாக வைத்திருக்கிறது. ஆங்கில வரியில் கர்சர் இருக்கும்போது சேர்த்தது ஆங்கில உரைக்கு, தமிழ் வரியில் அதை எதிர்பார்க்க முடியாது. அந்தப் பெட்டியின் தலைப்பிலேயே எந்த மொழி என்று எழுதியிருக்கும், பார்த்துவிட்டுத் தமிழுக்கும் ஒருமுறை தனியாகச் சேருங்கள். வருடம் முழுக்க உங்களுக்குத் தேவைப்படும் குறிகள் பத்துப் பன்னிரண்டைத் தாண்டாது. ஒரு மாலை உட்கார்ந்து சேர்த்துவிட்டால் முடிந்தது.

₹க்கு இதைவிடச் சுலபமான வழியும் உண்டு. விண்டோஸில் ‘இங்கிலீஷ் இந்தியா’ கீபோர்டைச் சேர்த்துக்கொண்டால், வலப்பக்க ஆல்ட்டைப் பிடித்து 4 அடித்தாலே ₹ வரும். லேப்டாப்பின் 4 விசையில் ₹ அச்சிட்டிருந்தும் வரவில்லை என்றால், பெரும்பாலும் அமெரிக்கக் கீபோர்டு அமைப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். விசையில் என்ன அச்சிட்டிருக்கிறது என்பது விண்டோஸுக்குத் தெரியாது. எக்செலில் மட்டும் ₹ஐக் கையால் அடிக்காதீர்கள், எண்ணை மட்டும் அடித்துவிட்டுக் கட்டத்தின் வடிவத்தை நாணயம் என்று மாற்றுங்கள். அப்போதுதான் எண் எண்ணாகவே இருந்து கூட்டலுக்கு வரும்.

வேர்டுக்கு வெளியே, பிரவுசரிலோ வாட்ஸப் வெப்பிலோ அடிக்க வேண்டியிருந்தால், விண்டோஸ் 10, 11 இரண்டிலும் விண்டோஸ் விசையும் முற்றுப்புள்ளியும் சேர்த்துத் தட்டுங்கள். எமோஜிப் பலகை திறக்கும். அதில் குறிகளுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. நாணயம், கணிதம், மேற்கோள், கோடு எல்லாம் வகை பிரித்து வைத்திருப்பார்கள். சமீபத்தில் பயன்படுத்தியவை முன்னால் வந்து நிற்கும். விண்டோஸ் 10இன் ஆரம்பப் பதிப்புகளில் எமோஜி மட்டும்தான் இருந்தது, குறிகள் 2019 பதிப்பில்தான் சேர்ந்தன. பழைய விண்டோஸ் என்றால் ‘கேரக்டர் மேப்’ இருக்கவே இருக்கிறது. தேடி, தேர்ந்தெடுத்து, நகலெடுத்து ஒட்டலாம். மெதுவான வழிதான், ஆனால் தப்பாகப் போகாது. அதில் ஒவ்வொரு குறியின் பெயரும் ஆங்கிலத்தில் தெரியும் என்பதால் º, ° குழப்பமும் வராது.

மேக், லினக்ஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, என் வேலையும் பெரும்பாலும் விண்டோஸில்தான். இருந்தாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக இரண்டு வரி. மேக்கில் ஆப்ஷனும் ஹைபனும் சேர்ந்தால் –, ஷிஃப்டையும் சேர்த்தால் —. ஆப்ஷனும் ஜியும் ©, ஆப்ஷனும் அரைப்புள்ளியும் …. மற்றதற்கெல்லாம் கன்ட்ரோல், கமாண்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்தால் எழுத்துப் பலகை திறக்கும். லினக்ஸில் கம்போஸ் விசை என்ற அருமையான ஏற்பாடு இருக்கிறது. ஏதோ ஒரு விசையை, உதாரணமாக வலப்பக்க ஆல்ட்டை, கம்போஸ் என்று அமைத்துக்கொண்டு, அதைத் தட்டிவிட்டு ஓ இரண்டு முறை தட்டினால் °, எக்ஸ் இரண்டு முறை தட்டினால் ×, 1, 2 என்றால் ½, சமக்குறியும் பெரிய ஆரும் என்றால் ₹. குறியின் உருவத்தையே துண்டு துண்டாக அடிப்பது மாதிரி என்பதால் நினைவில் நிற்கும். இந்த யோசனை 1980களில் டிஇசி நிறுவனத்தின் டெர்மினல்களோடு வந்தது. விண்டோஸ் ஏன் இதைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளவே இல்லை என்று எனக்கு எப்போதும் ஒரு வருத்தம் உண்டு.

கோடுகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கீபோர்டில் இருப்பது ஹைபன், சொல்லோடு சொல்லைச் சேர்ப்பது. ‘பக்கம் 12–18’ என்பதில் வருவது கொஞ்சம் நீளமானது, எண் 2013. வாக்கியத்தை நிறுத்தி இடையில் ஒன்றைச் சொல்லும் நீளக் கோடு 2014. எண்பலகை இருந்தால் வேர்டில் கன்ட்ரோலும் எண்பலகையின் கழித்தலும் சேர்ந்து –, ஆல்ட்டையும் சேர்த்தால் —. கழித்தல் குறி இவற்றோடு சேராத தனிக் குறி, 2212. கூட்டல் குறியின் அகலத்துக்கும் உயரத்துக்கும் பொருந்துமாறு வரைந்திருப்பார்கள். −5 என்பதையும் -5 என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தெரியும். சமன்பாட்டுப் பெட்டிக்குள் ஹைபனை அடித்தாலே அது கழித்தலாகக் காட்டிவிடும். ஆனால் எக்செலிலும் நிரல்களிலும் ஹைபன்தான் கழித்தல். அங்கே 2212ஐப் போட்டால் எண்ணாக ஏற்காது. அச்சுக்கு அழகானது கணினிக்குப் புரியாத இடங்களில் இதுவும் ஒன்று. மேற்கோள் குறிகளும் அப்படியே: வினாத்தாளில் “ ” வளைந்து இருக்கலாம், கணினி அறிவியல் தாளில் நிரல் அடிக்கும்போது நேராகத்தான் இருக்க வேண்டும். வேர்டு தானாக வளைத்துவிட்டால் உடனே கன்ட்ரோல் இசட் ஒருமுறை தட்டுங்கள், வளைவு மட்டும் நேராகும், எழுதியது அழியாது. ’96 மாதிரி ஆண்டைச் சுருக்கும்போது வேர்டு திறக்கும் மேற்கோளைப் போட்டுவிடும். அங்கே வர வேண்டியது மூடும் மேற்கோள், அதன் யூனிகோட் எண் 2019. அச்சுக்குப் போன அட்டைகளிலேயே இந்தத் தவறு சாதாரணமாகக் கிடக்கிறது.

இடைவெளி பற்றி ஒன்று. கோணத்துக்கு 45° என்று ஒட்டி எழுத வேண்டும். வெப்பநிலைக்கு எண்ணுக்கும் டிகிரிக்கும் நடுவே ஓர் இடைவெளி விடுவதுதான் பன்னாட்டு அலகு முறையின் விதி. அந்த இடைவெளியைச் சாதாரண ஸ்பேஸாக விட்டால், வரி முடிவில் 30 தனியாகவும் டிகிரி அடுத்த வரியிலுமாகப் பிரிந்துவிடலாம். வேர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அடித்தால் பிரியாத இடைவெளி கிடைக்கும். மேக்கில் ஆப்ஷனும் ஸ்பேஸும்.

தமிழ்க் குறிகளைக் கேட்டவர்களுக்கு: நாள் ௳, மாதம் ௴, வருடம் ௵, பற்று ௶, வரவு ௷, ரூபாய் ௹ எல்லாம் 2003இலேயே யூனிகோடுக்குள் வந்துவிட்டன, இன்றைய தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் தெரியும். முந்திரி, மாகாணி போன்ற பழைய பின்னங்கள் 2019 மார்ச்சில் வந்த யூனிகோட் 12இல்தான் தனித் தொகுதியாகச் சேர்ந்தன. அவற்றுக்கு எழுத்துரு ஆதரவு இன்னும் குறைவு. நோட்டோ என்ற எழுத்துருக் குடும்பத்தில் இதற்கென்றே ஒரு எழுத்துரு இருக்கிறது, அது இல்லாத கணினியில் வெறும் கட்டம்தான் தெரியும். அப்படிப்பட்டவற்றைப் பயன்படுத்தினால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள், எழுத்துரு உள்ளேயே பதிந்து போகும். க்ஷ ஒன்றாகச் சேராமல் க்‌ஷ என்று பிரிந்து நிற்க வேண்டுமானால், நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு இணைப்புத் தடை போட வேண்டும். அதன் எண் 200சி. வேர்டில் க் அடித்து, 200சி அடித்து, ஆல்ட் எக்ஸ் தட்டி, பிறகு ஷ அடித்தால் போதும்.

கடைசியாக, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பழைய தாள்கள். அவற்றில் வேஷம் போட்ட டிகிரிகளைக் கண்டுபிடிக்க வேர்டின் கண்டுபிடித்து மாற்றும் பெட்டியே போதும். தேடும் இடத்தில் பூஜ்ஜியத்தை அடித்து, கீழே மோர், ஃபார்மட், ஃபான்ட் என்று போய் சூப்பர்ஸ்கிரிப்டை, அதாவது மேலே தூக்கிக் காட்டும் அலங்காரத்தை, டிக் செய்யுங்கள். மாற்றும் இடத்தில் ° வைத்து, அங்கே சூப்பர்ஸ்கிரிப்டை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் டிகிரி இன்னும் மேலே பறக்கும். ஆங்கில ஓ எழுத்துக்கும் இதையே ஒருமுறை செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே தட்டில் மாற்றும் பொத்தானை மட்டும் பூஜ்ஜியத்துக்கு அழுத்தாதீர்கள், ஒவ்வொன்றாகப் பார்த்துப் போங்கள். அடுக்குகள் பாடத்துத் தாளில் 5⁰ = 1 என்ற வரி இருக்கும், அங்கே மேலே நிற்கும் பூஜ்ஜியம் பூஜ்ஜியமேதான். 10¹⁰ மாதிரி மேலே இரண்டு இலக்கம் வந்து அதன் கடைசி இலக்கம் பூஜ்ஜியமாக இருக்கும் இடங்களிலும் தேடல் நிற்கும், அவற்றையும் தாண்டிப் போய்விடுங்கள்.